கொக்கின் இடது கால்

திங்கள்கிழமை
ஆண்கள் வார்டுக்கு வெளியே

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரர் பேச்சை எடுத்தாலே "சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிடுவாய். டிரைவர் அண்ணன் நாளை காலை உன் ஊர் வண்டியை ஓட்டுகிறார். கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அவருடைய இடது காலை எடுக்கச் சொல்கிறார்கள். சர்க்கரைப் புண். கட்டைவிரலில் ஆரம்பித்தது. செருப்பு கடித்தது என்று ஒரு மாதம் என்னிடமே மறைத்திருக்கிறார். இப்போது கணுக்கால் வரை கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால் போதும், புதன்கிழமையைத் தாண்டினால் முழங்காலும் போய்விடும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சம்மதப் பத்திரம் நாலு நாளாகத் தலையணைக்கு அடியில் கிடக்கிறது. மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. "நாளைக்குப் பாக்கலாம்" என்கிறார். டாக்டரம்மாவிடமும் அதேதான், என்னிடமும் அதேதான்.

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நிறைந்திருக்கிற பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போகிறேன். பாதி வழியில் திரும்பி வருகிறேன். இந்த வரியை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துவிட்டேன்.

தினமும் நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். மணியடித்ததும் மூன்று பேர் வந்துவிடுகிறார்கள். டிரைவர் அண்ணன், சலூன்காரர், கணக்கு வாத்தியார். கால்பந்து மைதானத்தில் உன்னோடு கிழக்குப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்கள்தான். உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்பார்கள், அடுத்த வார்த்தையே நம் கிளப்பின் பழைய ஆட்டக்காரர்கள் போட்ட கோல், எல்லாம் பட்டப்பெயரில்தான். ஒட்டகம் நூற்றுப் பன்னிரண்டு கோல் போட்டவர், அதில் எழுபது தலையால் என்று வாத்தியார் ஆரம்பிப்பார். "அவரு எங்க முட்டுனாரு? பந்துதான் வந்து அவரு தலையில பட்டுச்சு" என்பார் சலூன்காரர். அவருக்குத் தபால்காரரை விட்டால் ஆளில்லை. விலாசம் தப்பாமல் பந்தை வலைக்குள் சேர்ப்பாராம். டிரைவர் அண்ணனுக்குப் பிடித்த ஆள் எப்போதும் 'தூக்கம்'தான். எண்பத்தைந்து நிமிஷம் கொட்டாவி விட்டுக்கொண்டு திரிந்துவிட்டு, கடைசி ஐந்து நிமிஷத்தில் இரண்டு கோல் அடிப்பாரே, அந்த மனிதர். நர்ஸ் இரண்டு தடவை வந்து அதட்டினாள். மூன்றாவது தடவை, யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்க்க அவளே நின்றுவிட்டாள்.

காலை எடுக்க வேண்டும் என்று தெரிந்த நாளிலிருந்து அவர்கள் இவருடைய பட்டப்பெயரை மட்டும் தொடுவதில்லை. ஒற்றைக் காலில் நிற்கிற பறவையின் பெயரை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் யார் சொல்வார்கள்? சனிக்கிழமை பேச்சு வேகத்தில் சலூன்காரர் மறந்துவிட்டார். "நம்ம கொக்கு அசையாம நிப்பான், பந்து வந்ததும் ஒரே கொத்து" என்று சொல்லி, நாக்கைக் கடித்துக்கொண்டார். வாத்தியார் மின்விசிறியைப் பார்த்தார். இவர்தான் சிரித்தார். "இனிமேதான்யா பேருக்குப் பொருத்தமா இருக்கப்போறேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. நீங்க கோல் கோல்னு பேசப் பேச இவரு அந்தக் காலையே பாத்துக்கிட்டிருக்காரு, தயவுசெஞ்சு போயிடுங்க என்று கத்திவிட்டேன். மூவரும் குடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்கள்.

நேற்று நாலு மணி ஆனதும் இவர் வாசலையே பார்க்க ஆரம்பித்தார். கேட்கவில்லை, பார்த்தார். நானே சலூனுக்குப் போன் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் மூவரும் உள்ளே வந்தார்கள். ஆஸ்பத்திரி கேட்டிலேயே நின்றிருக்கிறார்கள்.

வந்ததும் டிரைவர் அண்ணன் யாரும் எதிர்பார்க்காததைச் சொன்னார். "நான் பாத்ததுலயே பெரிய கோல் எது தெரியுமா? துறைமுகம் டீமுக்குப் போயி நமக்கு எதிரா நீ போட்டியே, அதுதான். அன்னைக்கு உன்னைக் கொன்னுடலாம்போல இருந்துச்சு. ஆனா அது கோலுய்யா." பத்தொன்பது வருஷமாக அந்தக் கோலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை, அண்ணா. இவர் கையால் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, சுவத்துல என்னை வரைஞ்சவன் இப்ப எங்க இருக்கான் என்று கேட்டார். "அவன் ஒரு தடவை இந்தக் காலைப் பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் எடுத்துக்குங்க" என்றார்.

உனக்கு நினைவில்லாமல் இருக்காது. மைதானச் சுவரில் ஆளுயரத்துக்கு வரைவதற்காக அவரை ஸ்டூல்மேல் காலை வைத்து இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டாய். டேப் வைத்துக் கெண்டைக்காலை அளந்தாய். அவர் அந்தக் கோலைப் போட்ட மறுநாள் காலை நீயே போய் அந்தப் படத்தின்மேல் இரண்டு கை வெள்ளை அடித்துவிட்டு வந்தாய்.

இப்போது நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். துறைமுகத்துக்காரர்கள் அவரை ஆசை காட்டி இழுக்கவில்லை. நான்தான் அனுப்பினேன். மூத்தவள் வயிற்றில் ஆறு மாதம். கிளப்பில் ஆட்டம் இருந்தால்தான் சம்பளம். துறைமுக அணியில் சேர்ந்தால் நிரந்தர வேலை. அவர் முடியவே முடியாது என்றார். கிளப் வேணுமா, நான் வேணுமா என்று கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு கேட்டேன்.

நீ வாசலில் நின்று அவரைத் துரோகி என்று கத்தியபோது நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்ததையே திரும்பத் திரும்பக் களைந்தேன். அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றதற்கு, "வேண்டாம். அப்பா அம்மாவும் இல்ல, அவனுக்கு நீ ஒருத்திதான் இருக்க. என்னைத் திட்டிட்டுப் போகட்டும்" என்றார். அது எனக்கு வசதியாகப் போயிற்று. வாயை மூடிக்கொண்டேன்.

ஆகவே உன் கோபத்தையெல்லாம் என்மேல் வைத்துக்கொள். நாளை மாலை டிரைவர் அண்ணனின் வண்டியிலேயே ஏறி வந்துவிடு. இரண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில்.

எதிர்பார்த்திருக்கும்,
உன் தங்கை

*

சனிக்கிழமை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை மறுபடியும் எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழேதான், டாக்டரம்மா சொன்ன இடத்திலேயே. காய்ச்சல் இல்லை. நேற்று கஞ்சி குடித்தார்.

டிரைவர் அண்ணன் தனியாகத் திரும்பி வந்தார். நீ சாரத்திலிருந்து இறங்கி, நின்றபடியே கடிதத்தைப் படித்தாயாம். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் மேலே ஏறிவிட்டாயாம். பிரஷைக் கீழேயே விட்டுவிட்டு ஏறினாய் என்றார். அதற்குமேல் அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை இவர் வாசலை இரண்டு தடவை பார்த்தார். பிறகு அவராகவே பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "அவன் வந்து அழுதா என்னால பாக்க முடியாது. வராததே நல்லது" என்றார். தள்ளிக்கொண்டு போகும்போது சலூன்காரர் லிஃப்ட் வரைக்கும் கூடவே ஓடினார். தபால்காரரைவிட நீதான்யா பெரிய ஆளு என்று கத்திக்கொண்டே ஓடினார். வாத்தியார் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சாயங்காலம் இவருக்கு நினைவு திரும்பியது. காலைப் பற்றிக் கேட்கவில்லை. "உங்க அண்ணன் வந்தானா?" என்று கேட்டார்.

வந்தார் என்று சொல்லிவிட்டேன், அண்ணா. உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால், மயக்க ஊசி போட்டு நீங்கள் நினைவில்லாமல் கிடந்தபோது, கட்டில் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார், வேலை இருக்கிறது என்று உடனே போய்விட்டார் என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும்.

அதோடு விட்டிருந்தால் சமாளித்திருப்பேன். தினமும் ஒரு கேள்வி கேட்கிறார். காலைத் தொட்டுப் பார்த்தானா என்றார். தொட்டார் என்றேன். ஏதாவது சொன்னானா என்றார். அழுதார், ஒன்றும் பேசவில்லை என்றேன். இளைத்துவிட்டானா என்றார். நானும் சொல்லிக்கொண்டே போகிறேன். பத்தொன்பது வருஷம் உன்னிடம் மறைத்தேன், இப்போது அவரிடம்.

இன்று காலை, முடி நரைத்துவிட்டதா என்று கேட்டார். முழுக்க நரைத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

நரைத்துவிட்டதா, அண்ணா? எனக்கும் தெரியவில்லை. எப்படி இருந்தாலும் அப்படியே வா. அடுத்த வெள்ளிக்கிழமை வரை இதே கட்டிலில்தான் இருப்போம்.

உன் நன்மையையே நினைக்கும்,
தங்கை