உறைகலன் அறையைத் திறக்கும் முன் தட்டக் கோரி

அனுப்புநர்:
பேக்கரி அடுப்புத் தொழிலாளி ஒருவரும், தையல்காரரான அவர் மனைவியும்,
முத்திரையிடப்பட்ட கருத்தரிப்பு மருத்துவமனையில் முப்பத்தொன்றாம் குப்பிக்கு உரியவர்கள்.

பெறுநர்:
உயர்திரு சுகாதார அதிகாரி அவர்கள்,
நகரச் சுகாதார அலுவலகம்.

பொருள்: மேற்படி மருத்துவமனையின் உறைகலன் அறையில் உள்ளவற்றைக் கழிவாக அகற்றும் உத்தரவை நிறுத்தி, கலனை அப்படியே வேறு மருத்துவமனைக்கு மாற்றித் தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய மனுவும், 'மின்சாரம் துண்டிக்கப்பட்டதால் உள்ளிருந்தவை கெட்டுவிட்டன' என்ற தங்கள் பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் பதில் இரண்டே வரியில் இருந்தது. இரண்டு வரியில் முடிகிற விஷயம் இல்லை இது என்பதால், கூச்சத்தை ஓரம் வைத்துவிட்டு விவரமாக எழுதுகிறேன். பொறுமையுடன் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

1. என் விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. இது பல பரிசோதனைகளில் உறுதியானது. பேக்கரி முதலாளி காதுக்கு இது எட்டியதும், "அடுப்புல வெந்தது ரொட்டி மட்டும் இல்லபோல" என்று வாடிக்கையாளர் முன்னிலையில் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். மருத்துவர் மட்டும்தான் சிரிக்கவில்லை. வெளியே வராவிட்டாலும் உள்ளே எங்காவது ஒரு மூலையில் இருக்கலாம், விரையைத் திறந்து தேடிப் பார்க்கலாம் என்றார்.

2. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். எனக்கு நினைவு இருந்தது. நடுவில் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். மருத்துவர் அரிசி அளவு சதையை எடுத்து எடுத்துச் சுவரில் இருந்த சிறு ஜன்னல் வழியாக அடுத்த அறைக்குக் கொடுப்பார். அங்கே மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பெண்மணியை எல்லோரும் லேப் அம்மா என்றே அழைத்தனர். ஒவ்வொரு முறையும் அந்த ஜன்னலிலிருந்து "இல்ல சார்" என்று வரும். வலது பக்கம் முழுக்க 'இல்ல சார்'. இடது பக்கமும் அதேதான். தையல் போட்டு முடித்துவிடலாமா என்று மருத்துவர் யோசித்தபோது, "ஒரு நிமிஷம் இருங்க. இருக்கு சார். மெல்ல அசையுது" என்று குரல் வந்தது. ஐயா, என்னைப் பற்றி யாரும் அவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதே இல்லை. திரைக்குப் பின்னால் படுத்தபடியே அழுதேன்.

3. என் மனைவிக்கு அப்போது ரத்தம் குறைவாக இருந்தது. உடம்பு தேறிய பிறகு சிகிச்சையைத் தொடரலாம் என்று, கிடைத்ததைக் குப்பியில் அடைத்து உறைய வைத்தார்கள். பின்னர் வேறொரு மருத்துவமனையில் கேட்டதற்கு, மறுபடி திறந்தாலும் கிடைக்க வாய்ப்பில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஆகவே எங்களுக்கு உள்ளது அந்த ஒரு குப்பி மட்டுமே.

4. மருத்துவர் அனுமதியைப் புதுப்பிக்காமல் ஊரை விட்டே போய்விட்டார். தாங்கள் முத்திரையிட்டது சட்டப்படி சரியே, அதில் எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் அந்தக் கலனுக்கு மின்சாரமே தேவையில்லை. அது பெரிய ஃபிளாஸ்க் மாதிரி. உள்ளே திரவ நைட்ரஜன் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். "கரண்டு போனா எனக்குத்தான் வேர்க்கும், இதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஊத்துறத நிறுத்தினாத்தான் போச்சு" என்று லேப் அம்மாவே எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

5. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கலனின் மூடியைத் தூக்கும் முன் விரல் மடக்கி இரண்டு தட்டு தட்டுவார். சற்று நிறுத்தித்தான் திறப்பார். எதற்கு என்று என் மனைவி கேட்டாள். "தூங்குற புள்ளைங்க மேலருந்து போர்வைய வெடுக்குன்னு உருவுவியாம்மா? ஒரு சத்தம் குடுத்துட்டுத்தான எடுப்ப?" என்றார். இதை இங்கே எழுதக் காரணம் உண்டு.

6. முத்திரையிட்ட பிறகு என் மனைவி, உறைகலன் அறையோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்திலாவது இருக்கலாம் என்ற எண்ணம்தான். இது கோடை உச்சத்தில் இருக்கும் நேரம். ஆனால் அந்தச் சுவர் மட்டும் சில்லென்று இருக்கிறது. அதன் ஓரம் தொங்கவிட்ட துணி ஈரம் கோர்த்துக்கொள்வதால் சாக்குக்கட்டி அதில் கோடு போட மறுக்கிறது. கடைக்கார அக்கா இப்போது துணிகளை எதிர்ப்பக்கம் மாட்டுகிறார். நானும் பேக்கரி வேலை முடிந்து வருகையில், பின்கதவின் அடியிலிருந்து வெள்ளையாக ஆவி தரையோடு தரையாக ஊர்ந்து வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதற்கு வாசனை இல்லை. காலில் படும்போது குளிர்கிறது.

7. சுவருக்கு அப்பாலிருந்து மூடியில் தட்டும் சத்தம் கேட்கிறது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். பிறகு ஏதோ ஊற்றும்போது எழும் சீறல். என் மனைவியும் நானும் கேட்டோம். கடைக்கார அக்காவும் கேட்டுவிட்டு, "எனக்கு எதுக்கு வம்பு" என்று ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டார்.

8. யாரோ ரகசியமாக உள்ளே போய் ஊற்றுகிறார்கள், அது லேப் அம்மாவாகத்தான் இருக்கும் என்று நம்பி நாங்கள் நிம்மதியாக இருந்தோம். ஆனால் பூட்டும் அரக்கு முத்திரையும் அப்படியே உள்ளன. தங்கள் அலுவலகம் நியமித்த காவலாளியிடம் விசாரித்தேன். "என்னைய வெளிய பாக்கத்தான் சொல்லியிருக்காங்க சார். உள்ள பாக்கச் சொல்லல" என்றார். முன்பு பின்கதவருகே இருந்த அவர் நாற்காலி இப்போது வாசல் கேட்டுக்கு வெளியே இருக்கிறது.

9. சென்ற வாரம் லேப் அம்மாவின் தம்பி எங்கள் பேக்கரிக்கு ரொட்டி வாங்க வந்தார். முகச்சாயலை வைத்து அடையாளம் கண்டு, அக்கா நலமா என்று கேட்டேன். மருத்துவமனையை மூடுவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டாராம். "கடைசி வரைக்கும் சோறு தண்ணி கேக்கல சார். அதுக்கு ஊத்தினாங்களா, ஊத்தினாங்களான்னு அது ஒண்ணுதான் கேட்டுச்சு" என்றார். மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டார். இதைப் பற்றி விசாரிக்கும்படி நாங்கள் மனு செய்யவில்லை. உள்ளே ஊற்றுவது யார் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆசையும் இல்லை, தைரியமும் இல்லை.

10. நேற்று முன்தினம் தங்கள் ஊழியர்கள் கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். அறையில் உள்ளவை மருத்துவக் கழிவாக அகற்றப்பட்டு எரிக்கப்படும் என்று அதில் உள்ளது. பசை காய்வதற்குள் தையல் கடையில் சத்தம் கேட்டது. அன்று அது மூடியிலிருந்து வரவில்லை. சுவரிலிருந்து வந்தது, என் மனைவியின் தையல் மெஷினுக்கு நேர் எதிரே, அவள் முகம் இருக்கும் உயரத்தில். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். மூடி திறக்கும் சத்தமோ சீறலோ வரவில்லை. மறுபடி இரண்டு தட்டு.

நான் அவளைக் கடையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடத்தான் போனேன். அவள் எழுந்திருக்கவில்லை. ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டியிருந்த அங்குஸ்தானால் சுவரில் இரண்டு முறை தட்டினாள். சத்தம் நின்றுவிட்டது. "பயப்படாதீங்க. நாம வர்றோமா இல்லையான்னு கேக்குறாங்க. வர்றோம்னு சொல்லிட்டேன்" என்றாள். அதன் பிறகு சுவர் குளிர்ந்தேதான் இருக்கிறது, ஆனால் ஊற்றும் சத்தம் வரவில்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ தெரியாது.

11. எனவே ஐயா அவர்களிடம் நாங்கள் வேண்டுவது:

எரிக்கும் உத்தரவைத் தாங்கள் இன்றே நிறுத்த வேண்டும். வேறு மருத்துவமனையின் ஆட்களைக் கொண்டு, கலனைத் திறக்காமல் நிமிர்ந்த நிலையிலேயே மாற்ற வேண்டும். எங்கள் குப்பி மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய கடைசிக் குப்பியாக இருக்கக்கூடும்.

கதவைத் திறந்தவுடன் ஊழியர்கள் உள்ளே நுழைய வேண்டாம். ஆவி நிறைந்த அறையில் மூச்சுக்குக் காற்று இருக்காது. ஜன்னல்களையும் திறந்துவிட்டு, காற்று மாறிய பிறகே போக வேண்டும். இதுவும் லேப் அம்மா சொன்னதுதான்.

முக்கியமாக, பூட்டை உடைக்கும் முன் கதவில் இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சற்று நிற்க வேண்டும். இதற்குச் சட்டத்தில் இடம் இல்லை என்று தெரியும், ஆனால் தடையும் இல்லை. உள்ளிருந்து பதிலுக்குத் தட்டினால் ஊழியர்கள் ஓட வேண்டாம். "வந்துட்டோம்மா, இனிமே நாங்க பாத்துக்குறோம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்ல அவர்களுக்குத் தயக்கமாக இருந்தால், என் மனைவி கதவருகிலேயே நிற்பாள்.

அவள் இப்போதும் அங்கேதான் நிற்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக அல்ல, தங்கள் வருகைக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்) கணவர்
(கையொப்பம்) மனைவி, கடைச் சுவரில் தாளை வைத்து இட்டது. தாள் ஈரமாக இருப்பதற்கு மன்னிக்கவும்.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: திங்கட்கிழமை, அலுவலகம் திறக்கும் முன்