கோணல் கை

அத்தை,

சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்காரர் மதியம் வருவார். தொட்டிக்கு அடியில் ஒழுகுகிற இடத்தைக் காட்டினால் போதும்.

நேற்று நீங்கள் அவள் பாதியில் விட்ட ஸ்வெட்டரைப் பிரிக்கப் பார்த்தீர்கள். "என் பொண்ணுக்குச் சின்ன வயசுலேர்ந்தே எண்ண வராது மாப்பிள்ளை, கை கோணாம என்ன செய்யும்?" என்று சிரித்தீர்கள். அதனால்தான் சாப்பிடாமல் எழுந்து போனேன்.

இன்று காலை, அவள் படித்துவந்த பின்னல் இணைய இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவள் பெயருக்கு இன்னமும் வருகிறது. நான் நிறுத்தவில்லை. அவள் பார்த்துப் பின்னிய செய்முறையில், அந்த ஸ்வெட்டரின் கைப்பகுதிக்குக் கண்ணிக் கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டார்களாம். மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிரித்துப் பிரித்துப் பின்னினாள். "மருந்துல மூளையும் போச்சு போல" என்றாள். அவள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள், அத்தை.

படித்ததும், இதைச் சொல்ல அவளைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுப்ப மனம் வரவில்லை. மடிக்கணினியைத் திறந்தே வைத்திருக்கிறேன், நீங்களே படித்துப் பாருங்கள்.

இரவு வர நேரமாகும். என்னிடம் சாவி இருக்கிறது, காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று: ஸ்வெட்டரை உங்கள் அலமாரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்க மட்டும் வேண்டாம். கை கோணலாகவே இருக்கட்டும். அவள் எண்ணியது அதில்தான் இருக்கிறது.