தெருக்குத்து மனை

பொம்மகுண்டா,
செகந்திராபாத் தாலுகா.
2-3-2008

சிரஞ்சீவி சௌபாக்கியவதி ஸ்மிதாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் உடம்பைப் பொறுத்தவரை சௌக்கியம், மனசைப் பொறுத்தவரை எப்படி என்று இதைப் படித்து முடித்ததும் நீயே தெரிந்துகொள்வாய். அங்கே நீ, மாப்பிள்ளை கிருஷ்ணபிரசாத், குழந்தை ஆதர்ஷ் எல்லோரும் குளிரில் ஜலதோஷம் ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இதென்ன புதுசாகக் கடிதாசு என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் ஆதர்ஷுக்குப் பல் விழுந்த கதை வந்துவிடுகிறது, அவன் இங்கிலீஷில் சொல்கிற அழகில் நான் சொல்ல வந்ததை மறந்த மாதிரி இருந்துவிடுகிறேன். மறக்கவில்லை. பயம்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருஷம் ஊரார் பேச்சையெல்லாம் கனெக்‌ஷன் கொடுத்தவளுக்குச் சொந்தப் பெண்ணிடம் பேச வாய் வரவில்லை. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று உருட்டி உருட்டி எழுதுகிறேன். மெதுவாகவே படி.

அப்பாவுக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் தார்நாகா குவார்ட்டர்ஸ் நாள் முதல் பழகின சிநேகிதர்களைப் பார்க்கப் போகிறேன் என்று பஸ் ஏறிப் போய் அங்கே மைசூர்பாகு சாப்பிட்டுவிட்டு வந்து என்னிடம் ஒன்றுமே சாப்பிடவில்லை என்கிறார், சட்டைப் பையில் நெய் வாசனை. சங்கராந்திக்குப் பக்கத்து மனை சந்திரசேகரன் வீட்டுக் கிருகப்பிரவேசம் நடந்தது. பக்கத்து மனை என்றால் இங்கே உன் பேரில் வாங்கிப் போட்டிருக்கிற மனைக்குப் பக்கத்து மனை. திருச்சிக்காரப் பிள்ளை, மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை, மாடி வைத்து நன்றாகக் கட்டியிருக்கிறான், சுற்றிலும் ஆள் உயர மதில். அந்த மதிலிலிருந்துதான் இந்தக் கடிதாசின் விஷயம் ஆரம்பிக்கிறது. இல்லை, அதற்கும் முன்னால் என்னிடமிருந்து ஆரம்பிக்கிறது.

உன் மனைக்குத் தெருக்குத்து இருக்கிறது என்று உன் மாமியார் வீட்டு வாஸ்து சித்தாந்தி வந்து அளந்து பார்த்துச் சொன்னது உனக்குத் தெரியும். தெலுங்கில் வீதி போட்டு, வீதி போட்டு என்று இந்த ஊரில் அதற்கு நடுங்காதவர்கள் யார்? கூலிக்காரர் குடிசைகள் இருக்கிற பஸ்தியிலிருந்து வருகிற பழைய வண்டிப்பாதை நேரே உன் மனையின் முகத்தில் வந்து முட்டும், முட்டிய இடத்தில் இடது பக்கம் திரும்பிப் பக்கத்து மனையின் குறுக்கே போய்ப் பின்னால் இருக்கிற குண்டாக் குளத்தில் இறங்கும். பஸ்தி ஜனங்கள் துணி துவைக்க, எருமையைக் குளிப்பாட்டப் போகிற வழி அது, நம் லேஅவுட் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னாலிருந்து இருக்கிறது. சித்தாந்தி உன்னிடமும் மாப்பிள்ளையிடமும் சொல்லாத ஒன்றை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், இந்த மனை வீட்டு ஸ்திரீக்கு ஆகாது, கர்ப்பம் தங்காது என்று. அப்போதுதான் உனக்கு இரண்டாவது தங்காமல் போய், நீ போனில் அழக்கூடத் தெம்பில்லாமல் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய். எனக்குப் புத்தி எப்படி வேலை செய்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். மினியாபொலிஸில் இருக்கிறவளுக்குப் பொம்மகுண்டா மனை என்ன செய்யும் என்று இப்போது கேட்கிறேன், அன்றைக்குக் கேட்கவில்லை. இதை நீ தெரிந்துகொண்டு உன்னால்தான் எல்லாம் என்று எடுத்துக்கொள்ளாதே. உனக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டு, உன்னைக் கேட்காமல் செய்தவள் நான்தான்.

நான் வார்டு மெம்பர் ஆன கதை உனக்குத் தெரியும், அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிற கதை. வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கினதும் காலனியில் தெலுங்கும் இந்தியும் தடுமாறாமல் பேசுகிற பெண்பிள்ளை நான் ஒருத்திதான் என்று பிடித்துப் போட்டார்கள், எதிர்த்து நிற்க ஆளில்லை. பஞ்சாயத்துக்குத் தலைவரான சர்பஞ்ச் அஞ்சய்யாவுக்கு என்மேல் ரொம்ப மரியாதை. கல்பகம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார். அந்த மரியாதையைத்தான் நான் செலவழித்தேன். போன வருஷம் உகாதிக்கு முன்னால் ஒரு பஞ்சாயத்து மீட்டிங்கில் எழுந்து, அந்தப் பாதையில் எருமை வந்து காலனி அசிங்கமாகிறது, பாம்பு வருகிறது, ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கிற குழந்தைகளுக்கு ஆபத்து, மூடிவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். தெருக்குத்து என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. பஸ்தி மெம்பர் அன்றைக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டிருந்தார். பாதையை மூடுவது என்றால் கிராம சபையைக் கூட்டி, பஸ்தியில் தண்டோரா போட்டுச் சொல்லி, ஜனங்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும், அது எனக்குத் தெரியும். கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்பதும் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. மறு வாரமே கல் நட்டு முள்கம்பி கட்டியாகிவிட்டது. காலனியில் எல்லோரும் எனக்குக் கைகொடுத்தார்கள். நான் அன்றைக்குப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

அதற்கப்புறம் பஸ்தி ஜனங்கள் மெயின்ரோடு சுற்றித்தான் குண்டாவுக்குப் போகிறார்கள். ஜீடிமெட்லா பக்கம் போகிற லாரி, கட்டடம் கட்டுகிற மணல் டிப்பர் எல்லாம் அந்த ரோட்டில்தான். நமக்குப் பால் ஊற்றுகிற ஃபாத்திமாவை உனக்கு ஞாபகம் இருக்கும், போன தடவை நீ வந்தபோது ஆதர்ஷை எருமைமேல் உட்கார்த்திவைத்துச் சிரித்தாளே, அவள்தான். புருஷன் இல்லை, இரண்டு எருமைதான் அவளுக்குப் பிழைப்பு. சங்கராந்தி கழிந்து சில நாளில் குண்டாவுக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது டிப்பர் அடித்து ஒரு எருமை அங்கேயே போய்விட்டது. இவளுக்குத் தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்துத் தைத்திருக்கிறார்கள். உன்னிடம் போனில் ஃபாத்திமாவுக்கு ஆக்சிடெண்ட் என்று மட்டும் சொன்னேன், நீயும் ஐயோ பாவம் என்றாய்.

ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, காய்கூ அம்மா, காய்கூ பந்த் கரே, அந்த ராஸ்தா என்று கேட்டாள். எதற்கு மூடினார்கள், யாருக்கு என்ன இடைஞ்சல் செய்தோம் என்று. நீங்கள் மெம்பர் ஆச்சே, எங்கள் பேச்சை யார் கேட்பார்கள், நீங்கள் போய்க் கேளுங்கள், எவன் மூடினான் என்று தெரிந்துகொண்டு வந்து சொல்லுங்கள் என்றாள். நான் சரி கேட்கிறேன் என்றேன், ஸ்மிதா. அவள் காலைத் தடவிக்கொடுத்துக்கொண்டே சொன்னேன். வெளியில் வந்து ஆட்டோக்காரன் எங்கே போகவேண்டும் என்று கேட்டால் வீட்டு விலாசம் சொல்ல வரவில்லை எனக்கு.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் கிராம சபை. இந்தத் தடவை பஸ்தியில் நானே தண்டோரா போடச் சொன்னேன். ஃபாத்திமாவையும் யாரோ ஆட்டோவில் கொண்டுவந்து, வாக்கரோடு முன்வரிசையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நான் எழுந்து மைக்கைப் பிடித்து, பாதையை மூடச் சொன்னது நான், பாம்பும் இல்லை அசிங்கமும் இல்லை, என் பெண்ணின் மனைக்கு வீதி போட்டு என்று மூடச் சொன்னேன், திரும்பவும் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அஞ்சய்யாதான், திறந்தால் எங்கே போவது அம்மா, பாதை திரும்புகிற இடத்தில் இப்போது வீடல்லவா இருக்கிறது என்றார். சந்திரசேகரன் எழுந்து தமிழிலேயே கத்தினான், என்னங்க மேடம் இது, காலனிக்கு நல்லது செய்வீங்கன்னுதானே உங்களைப் போட்டி இல்லாம ஜெயிக்க வச்சோம், இப்ப என் மதிலை இடிக்கச் சொல்றீங்களா என்று. அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பஞ்சாயத்து அனுமதி வாங்கி, கடன் போட்டுக் கட்டியவன், அந்த அனுமதிக்கும் கை தூக்கினவள் நான்தானே. அந்த இடத்தில்தான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். மதிலை இடிக்க வேண்டாம், என் பெண்ணின் மனை வழியாகப் பாதை போகட்டும் என்று சொன்னேன். பெண் சம்மதிப்பாளா என்று அஞ்சய்யா கேட்டார். ஒப்புக்குண்டுந்தி என்று உடனே சொன்னேன், ஒரு மூச்சுக்கூட யோசிக்கவில்லை. பஸ்தி ஜனங்கள் கை தட்டினார்கள். உன்னைக் கேட்காமல் உன் பேரில் இன்னொரு தடவை.

கூட்டம் முடிந்து ஃபாத்திமாவிடம் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் நான் அழுதபோது என் காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே அம்மா, அப்போதுகூடச் சொல்லத் தோன்றவில்லையா என்று மட்டும் கேட்டாள். மறுநாளிலிருந்து அவள் வீட்டுப் பால் வருவதில்லை, பாக்கெட் பால்தான். காபி நன்றாக இல்லை என்று அப்பாகூடச் சொல்வதில்லை.

மறுநாள் அப்பா, ஏன்டி, அவா இந்தியா திரும்பி வரதுக்குன்னு வாங்கிப் போட்டது அந்த மனை ஒண்ணுதான், அதைத் தூக்கிக் குடுக்க நீ யாருன்னு கேட்டார். அதற்கும் மறுநாள் அவரே, பவர்தான் உன் பேரில இருக்கே, தானப் பத்திரத்துல கையெழுத்தைப் போட்டுத் தொலை, அப்புறமா பக்குவமா சொல்லிக்கலாம், ஊர்ல தலை நிமிர்ந்து நடக்கணுமே என்றார். அவரைக் குற்றம் சொல்லாதே, எனக்காகத்தான் சொல்கிறார். எனக்கும் கை துறுதுறுத்தது. நீங்கள் மனை வாங்கினபோது எழுதிக்கொடுத்த அந்தப் பவர் பத்திரத்தை இந்தக் கவரிலேயே வைத்து அனுப்பியிருக்கிறேன். என் பீரோவில் இருந்தால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன், என்னை எனக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது.

நிலைமையை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். மனையின் இடது ஓரமாக வண்டி போகிற அகலத்துக்கு விட வேண்டும். விட்டால் மாப்பிள்ளை வரைந்து வைத்திருக்கிற பிளானில் அந்த வீடு வராது, ஆதர்ஷுக்கு என்று போட்ட அறை போய்விடும், விற்கலாம் என்றாலும் தெருக்குத்து மனையை இந்த ஊரில் யாரும் தொடமாட்டார்கள். விடாவிட்டால் பஸ்தி ஜனங்களுக்கு இனி என்றைக்கும் மெயின்ரோடுதான். உகாதிக்குள் மனைக்குச் சொந்தக்காரியின் பதில் வேண்டும் என்று அஞ்சய்யா தவணை வைத்திருக்கிறார். வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அப்படியே எழுது, உன்மேல் ஒரு சொல் விழ விடமாட்டேன். பெண்ணைக் கேட்காமல் நானாகச் சொன்னேன் என்று அதே இடத்தில் எழுந்து சொல்லிவிட்டு மெம்பர் பதவியை விட்டுவிடுவேன். சரி என்று தோன்றினால் அம்மாவுக்காக என்று மட்டும் கொடுக்காதே. எனக்காகக் கொடுத்தால் அதுவும் நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதாகத்தான் ஆகும். அந்தப் பாதையில் நடக்கிறவர்களை நினைத்துக் கொடுக்க முடியுமா என்று பார்.

மாப்பிள்ளைக்கு இதை முழுசாகப் படித்துச் சொல்லு, சித்தாந்தி சொன்னதையும் விடாமல். அவர் என்மேல் கோபித்துக்கொண்டால் நீ நடுவில் நின்று சமாதானம் செய்ய வேண்டாம், கோபித்துக்கொள்ளட்டும். ராத்திரி வேலையை வைத்துக்கொண்டு உட்காராமல் நேரத்தில் சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே, குழந்தைக்குப் பல் விழுந்த இடத்தில் நாக்கை வைக்க வேண்டாம் என்று சொல்லு. நீ எந்த மனையில் இருந்தாலும், மனையே இல்லாமல் இருந்தாலும், நிறைவாக இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று மறக்காதே. பதிலை நம் வீட்டு விலாசத்துக்கு அனுப்பாதே, பஞ்சாயத்து ஆபீஸுக்கு அஞ்சய்யா பேருக்கு அனுப்பு. தெலுங்கில் எழுது, அவருக்கு இங்கிலீஷ் வராது, உனக்குத் தெலுங்கு உன் தமிழைவிட நன்றாக வரும். எனக்கு முன்கூட்டிப் போனிலும் சொல்லிவிடாதே. சபையில் அவர் கவரைப் பிரித்துப் படிக்கும்போது பஸ்திக்காரர்களோடு கீழே உட்கார்ந்து நானும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்க இவ்வளவு தாமதித்த
அம்மா
கல்பகம்