இல்லாத பாறை

மச்சான்,

இன்று காலை பாம்பன் கரையில் ஆவுளியா அறுத்தார்கள். அந்தக் கடல்பசுவின் கொழுப்பு உருகும் வாடை வீடு வரைக்கும் வந்தது. எனக்கும் ஒரு துண்டை ஓலையில் பொதிந்து அனுப்பினார்கள். அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். வருத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. நீ காய்ச்சலில் போன நாளிலிருந்து எதுவும் எனக்குள் இறங்குவதில்லை.

மாதா கோயில் சிலுவையும் ஒற்றைப் பனையும் ஒரே நேராய்த் தெரியும் இடம் நினைவிருக்கிறதா? அடியில் கடல்புல் வயலாய் விரிந்து கிடக்கும். அங்கேதான் நம் வலையில் ஒரு தாய் ஆவுளியா மாட்டியது. மூச்சுவிட மேலே வர முடியாமல் அது முறுக்கிக்கொண்டிருந்தது. கன்று சுற்றிச் சுற்றி வந்தது. திருவிழா நெருங்கியிருந்ததால் ஊரே கறிக்குக் காத்திருந்தது. நீ கத்தியை எடுத்தாய்.

"ஏலே, புது வலைடா!" என்று கத்தினேன்.

"வலையைத் திரும்பப் பின்னிக்கிரலாம். இதைப் பின்ன முடியுமாடா?" என்று வலையை அறுத்து அதை விட்டுவிட்டாய்.

கரைக்கு வந்ததும் கிழிந்த வலையைத் தூக்கிக் காட்டி, "அங்கன பாறை கெடக்கு, யாரும் போயிராதீங்க" என்றாய். பாறை விஷயத்தில் பொய் சொன்னவனை நம் கரையில் எவனும் படகில் ஏற்றமாட்டான். அது தெரிந்தே சொன்னாய். சீட்டாட்டத்தில் உன் முழியே உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அன்று மட்டும் எப்படியோ தப்பித்தாய். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு படகும் வலை விடவில்லை. நாம் மட்டும் அவ்வழியே போகும்போது, கன்று தலைநீட்டுவதைப் பார்த்து, "வளந்திருச்சுடா" என்பாய். பெற்றவனுக்குக்கூட அவ்வளவு பெருமை இருக்காது.

இன்று அறுத்தது அதுதானா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கக் கால் வரவில்லை.

மதியம் நம் கரைப் பையன் சூசை வந்தான். நைலான் வலை வாங்கியிருக்கிறான்.

"மாமா, ஆவுளியாவெல்லாம் அந்தப் பனைக்கு நேராத்தான் மேயுதாம். நெசமாவே பாறை இருக்கா? இந்த வலை கிழியாதுங்கிறாங்க."

"வலை கிழியாதுடா. படகு ஒடையும்," என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "நீங்க சொன்னாச் சரி" என்று போய்விட்டான்.

அப்போதாவது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்தப் பாறை இருக்கிறது என்று சொல்ல இனி நான் ஒருவன்தான், மச்சான்.