நீலம் பார்த்து வாங்கிய மனை

வடமாலபேட்டை,
ஐப்பசி 12

அன்பு மகள் தேவயானிக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நெதர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க ஏழுமலையானை வேண்டுகிறேன். அம்மாவின் முட்டிவலி கொஞ்சம் தேவலை. மனசுதான் ரெண்டு பேருக்கும் சரியில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், முழுசாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வேலையைப் பற்றிக் கேட்டேன். புயலில் கடல் எழும்பி ஊருக்குள் எவ்வளவு ஏறும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறோம், தண்ணீர் நிற்கிற இடத்தை நீலமாகக் காட்டுவோம், நீலம் அடர்ந்தால் ஆள் மூழ்கும் ஆழம் என்றாய். சரிம்மா என்று வைத்துவிட்டேன். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன் நீ அனுப்பிய மேப்பை, என் மகள் போட்டது என்ற பெருமையில் ரேணிகுண்டாவில் கலர் பிரிண்ட் எடுத்து வைத்தேனே, அதைப் பார்த்துத்தான் உன் தம்பி யஸ்வந்துக்கு அந்தக் கடலோர ஊரில் மனை காட்டினேன். நம் மாந்தோப்பில் நாலு போர் போட்டும் புழுதிதான் வந்தது, உனக்குத் தெரியும். நிலத்தடி நீர் ஆபீஸர்கள் கொண்டுவரும் மேப்பில் நீலம் என்றால் தண்ணீர் உண்டு என்று அர்த்தம். அந்தப் புத்தியில், இருப்பதிலேயே அடர்ந்த நீலமாகத் தேடி விரலை வைத்தேன், பாவி. கீழே இங்கிலீஷில் இருந்ததை யாரையாவது படிக்கச் சொன்னேனா? இல்லை. அங்கே போர் போட்டுப் பதினெட்டடியிலேயே தண்ணீர் வந்தபோது கையில் ஏந்திக் குடித்துக் கூத்தாடினேன்.

முந்தாநாள் அங்கே போய் அவன் காலில் விழாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். நைனா, நீ பாத்து குடுத்த எடம், இன்னாவும் ஆவாது, குடி வந்து மூணு மாசந்தான் ஆவுது, எங்க போவச் சொல்ற என்று சிரிக்கிறான். மருமகள் கல்பனாவுக்கு எட்டு மாதம், பிரசவத்துக்கும் அந்த வீட்டைவிட்டு வரமாட்டாளாம். டிவியில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்கிறார்கள். அந்த பேப்பர கிழிச்சாவது போடு, அதையே பாத்துக்கினு கீறியே என்று அம்மா அழுகிறாள்.

இதைப் படித்ததும் யஸ்வந்துக்குப் போன் போடு, அக்கா பேச்சையாவது கேட்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். உனக்குப் பரீட்சை வந்தபோதெல்லாம், என் மகள் கணக்கு தப்பக்கூடாது என்று மலைக்கு நடந்தே ஏறி வேண்டிக்கொண்டவன் நான். இன்று காலையும் ஏறினேன். உன் கணக்கு தப்பாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு இறங்கினேன். என்னை மன்னித்துவிடு அம்மா.

உன் நைனா,
ஆதிநாராயணன்