பாதிக் கட்டில்

அண்ணன் மகளுக்கு அத்தை எழுதிக்கிட்டது. உன்னையும் கொழந்தையையும் ஆண்டவன் கைவிடாமப் பாத்துக்கணும். போன்ல உன் குரலக் கேட்டா எனக்குப் பேச்சு வராது, அதான் எழுதி லாரி டிரைவர்கிட்ட குடுத்து விடறேன். அம்மாவப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படி.

நான் சமைச்சுப் பெருக்குற இந்த வீடு எவ்வளவு பெருசுன்னு சொல்லிருக்கேன்ல. யாரோ பணக்காரங்க வாழ்ந்த வீடு. சுரங்கத்துக்கு ஆளுங்க வந்து குவியவும் முதலாளி வாங்கிப் பெயிண்ட் அடிச்சு, டைல்ஸ் ஒட்டி, கூடத்தப் பலகையால தடுத்துத் தடுத்து ரூமாக்கிட்டாரு. உன் வீட்டுக்காரர், நம்ம மாப்பிள்ளை ரூம்ல தடுப்பு ஜன்னலுக்கு நட்டநடுவுல போகுது. பாதி ஜன்னல் இவங்களுக்கு, பாதி அடுத்த ரூமுக்கு. காத்தையும் கூறு போட்டுட்டாங்க அத்தைன்னு மாப்பிள்ளை சிரிப்பாரு.

கட்டிலும் பங்குதான். பகல்ல வேலைக்குப் போற மாப்பிள்ளை ராத்திரி படுப்பாரு. ராத்திரி ஷிப்ட்டு குறட்டைக்காரர் பகல்ல படுப்பாரு. நடுவுல விரிப்பு மாத்தறது என் வேலை. வருஷக்கணக்கா ஒரே கட்டில், ஆனா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் சரியாப் பாத்ததில்ல. சண்டை மட்டும் என் மூலமா நடக்கும். தலகாணிய அந்த மகராசன் ஏன் மூட்டையாச் சுருட்டுறாருன்னு கேளுங்க அத்தைன்னு இவரு. ஈரத்துண்ட என் தலமாட்டுல போட வேணாம்னு சொல்லும்மான்னு அவரு. உங்களுக்குக் கல்யாணம் ஒண்ணுதான் ஆகலன்னு நான் சொல்லுவேன்.

உள்ள மண்ணு சரிஞ்சு மாப்பிள்ளை மாட்டிக்கிட்டதுலேருந்து குறட்டைக்காரர்தான் முன்னால நின்னு தோண்டுனாரு. மொத நாளு கெளம்பறப்ப, அவரு பாக்க எப்படிம்மா இருப்பாருன்னு கேட்டாரு. ஒசரமா இருப்பாரு, நெத்தியில தழும்பு, சிரிச்சா கன்னத்துல குழி விழும்னேன். சொன்ன பிறகுதான் எதுக்கு அடையாளம் சொல்றோம்னு எனக்கே ஒறைச்சுது.

நீ போன் பண்ணப்பல்லாம் தோண்டுறாங்க, தோண்டுறாங்கன்னேன். பொய்யில்ல தாயி, நெசமாத்தான் தோண்டுனாங்க. நானும் சாமி வெளக்க அணையவிடல.

இன்னைக்குக் காலைல குறட்டைக்காரர் வந்து கட்டில்ல படுக்காமத் தரையில ஒக்காந்தாரு. உள்ள தண்ணி ஏறிடுச்சு, பம்பை நிறுத்திட்டாங்க, சுரங்க வாய அடைக்கப் போறாங்கன்னாரு. நான் சாமியத் திட்டிட்டேன். இந்த வயசுக்கு இதான் மொத தடவை. வெளக்குக்கு எண்ணெய் ஊத்தவும் தோணல.

சாயங்காலம் புதுசா ஒரு ஆளு பெட்டியோட வந்து நிக்கறான், அந்தப் பாதிக் கட்டிலுக்கு. ஆளு இருக்கு, போப்பான்னுட்டேன். எங்க போவான் பாவம், மாடிப்படியில பெட்டி மேல தல சாச்சுத் தூங்கிட்டான். அவனையும் எங்கயோ ஒருத்தி நெனச்சுக்கிட்டு இருப்பா. எழுப்பிக் கூட்டிட்டுப் போயி, மாப்பிள்ளை விரிப்ப எடுத்துட்டு வேற விரிச்சுக் குடுத்தேன். எடுத்ததத் தொவைக்கல. அப்படியே மடிச்சு என் பெட்டிக்குள்ள வச்சிருக்கேன். வந்தா வாங்கிக்க.

ஆபீஸ் ஆளுங்க உன்னத் தேடி வருவாங்க. அவங்க வாயால நீ கேக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவும் எழுதுனேன். அத்தைய வைய்யணும்னா நல்லா வைய்யி, ஆனா சாப்புடாமக் கெடக்காத.

எப்பவும் தீர்க்கசுமங்கலியா இருன்னு முடிப்பேன். இன்னைக்கு அதை எழுதக் கை வரல. நல்லா இரு தாயி. கொழந்தையோட நல்லா இரு.

உன் அத்தை