வலது கை நடந்த தூரம்

கெலுகோர், பினாங்கு

அன்பு மகள் ஹன்னாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் அம்மாவும் நலம், டப்ளின் குளிரில் நீயும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. போனில் சொல்ல வந்தால் அம்மா பக்கத்தில் நின்று சிரித்தே என்னைச் சொல்லவிட மாட்டாள், அதனால்தான் கடிதம்.

பெருநாளுக்கு நீ அனுப்பிய கைக்கடிகாரத்தை, நம் வழக்கப்படி வலது கையில் கட்டினேன். முதல் நாளே பதினெட்டாயிரம் காலடி காட்டியது. நீ உன் போனில் நம் ரெண்டு பேர் எண்ணையும் பார்த்துவிட்டு மறுநாள் அஸர் தொழுகை நேரத்தில் கூப்பிட்டு, அத்தா நீங்கதான் ஃபர்ஸ்ட், நான் நாலாயிரம்தான் என்றாய். வாரத்துக்கு ஒருமுறை பேசுகிற பிள்ளை அதன்பிறகு தினமும் கூப்பிட்டாய், எனக்கும் நான் பெரிய நடைக்காரன் என்ற நினைப்பு வந்துவிட்டது. நம் கடையில் கல்லாவுக்கும் தேநீர் மேடைக்கும் நடுவே நாலு எட்டுதான், அதை யோசிக்கவே இல்லை பார். படுத்தால் தோள் விண்விண்ணென்று தெறிக்கும், இவ்வளவு நடந்தால் வலிக்காதா என்று காலை நீட்டி அம்மாவைத் தைலம் தேய்க்கச் சொல்வேன். வலி தோளில், தைலம் காலுக்கா என்று கேட்டாள், கடிகாரத்தைவிட உனக்குத் தெரியுமா என்று சத்தம் போட்டேன். மாடி ஏறும்போது மூச்சு முட்டியதையும் நடந்த களைப்பு என்றே தள்ளிவிட்டேன்.

போன ஞாயிறு குடியிருப்புச் சங்கத்தில் ஐந்து கிலோமீட்டர் நடை வைத்தார்கள். எதிர்வீட்டு சிவநேசன் அண்ணனுக்கு எப்படி மூச்சு விடவேண்டும் என்று பாடம் எடுத்துவிட்டு முன்வரிசையில் நின்றேன். ரெண்டாவது சிக்னல் தாண்டவில்லை, கண் இருட்டிக்கொண்டு வந்து சாக்கடைத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். முதலுதவிக்கு வந்த மோகனா என்ற பெண், அங்கிள் எங்க வலிக்குது என்றாள். நான் மணிக்கட்டை நீட்டினேன். வாட்ச்சைக் கேக்கலை அங்கிள், உங்களைத்தான் கேக்குறேன்லா என்றாள். அறுபத்தொரு வயசாகியும், ஹன்னா, என் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று எனக்கே தெரியவில்லை, வெட்கமாக இருந்தது.

என்ன வேலை செய்றீங்க என்றாள். தே தாரிக் என்று சொல்லி, குவளைக்குக் குவளை தேநீரை உயர இழுத்து ஆற்றுவதுபோல் உட்கார்ந்தபடியே கையை உயர்த்திக் காட்டினேன். கடிகாரத்தில் எண் ஏறியது. இன்னும் நாலு இழுத்தேன், இன்னும் ஏறியது. சிவநேசன் அண்ணன் எட்டிப் பார்த்து, அப்படியே உக்காந்து முடிச்சிருங்க பாய், மெடலை நான் வாங்கியாரேன் என்றார்.

கிளினிக்கில் பார்த்தோம், நெஞ்சில் கோளாறு இல்லை, நடந்தே பழகாத உடம்பு என்றார்கள். இப்போது சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு கால்மணி நேரம் நடக்கிறேன். பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் நிற்கவேண்டும் என்பது டாக்டர் சொன்னது, என் வாயை மூட ஒரு வழி இருப்பதே அம்மாவுக்கு இப்போதுதான் தெரிந்ததாம். வலது முழங்கால் கடுத்தால் திரும்பிவிடவேண்டும் என்பது நானே கண்டுபிடித்தது. நீயும் தலைவலித்தால் உடனே மாத்திரையைப் போடாதே, பசியா தூக்கமா என்று முதலில் உன்னையே கேள்.

கடையில் இனிமேல் கடிகாரத்தைக் கழற்றி வைக்கப்போகிறேன், எண் ரெண்டாயிரத்துக்கு இறங்கிவிடும். அத்தாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பயப்படாதே, நிஜமாகவே நடக்கிறேன் என்று எடுத்துக்கொள். ஒரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். விஷயம் தெரிந்த பிறகும் ரெண்டு நாள் அதைக் கட்டிக்கொண்டுதான் தேநீர் இழுத்தேன். எண் குறைந்தால் நீ கூப்பிடுவதும் குறைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தருவானாக. அம்மா சலாம் சொல்லச் சொன்னாள். மறக்காதே, நான் கடைசியாக வந்தாலும் அஸருக்குக் கூப்பிடு.

உன் அத்தா
ஷேக் அலாவுதீன்